குழாய்த் தொல்லை: நாற்றம், அடைப்பு, சொட்டு, ஓதம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விருந்தினர் அறைக் குளியலறையை நாங்கள் அதிகம் புழங்குவதில்லை. கதவைத் திறந்தாலே சாக்கடை நாற்றம். பினாயில் ஊற்றினால் ஒரு நாள் தாங்குகிறது, மறுநாள் பழையபடிதான். தரையைப் பெயர்த்துக் குழாயை மாற்ற வேண்டும் என்கிறார் வேலைக்காரர். வேறு வழி இல்லையா?

பதில்: பெயர்க்கலாம், ஆனால் கடைசியில். முதலில் ஒரு டார்ச் லைட்டும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

தரை ஜாலிக்குக் கீழே கிண்ணம் போல ஒன்று இருக்கும். அதுதான் டிராப். வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்து ஏறி இறங்கும் குழாயும் அதே இனம். அந்த வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான், கழிவுக் குழாயின் வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் ஒரே கதவு. இந்தத் தேக்கம் 50 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். ஆள் புழங்காத குளியலறையில் அது ஆவியாகி வற்றும், கதவு திறந்துகொள்ளும். பினாயில் வேலை செய்தது போலத் தெரிந்தது உண்மையில் அதோடு சேர்த்து ஊற்றிய தண்ணீரின் வேலை.

ஆனால் ஆவியாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். உங்கள் வீட்டில் ஒரே நாளில் நாற்றம் திரும்புகிறது. துப்பு அதில்தான் இருக்கிறது.

ஜாலியைக் கழற்றி, டிராப் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். டார்ச் அடித்து மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். ஒரு மணி நேரம் யாரும் எதையும் புழங்க வேண்டாம். பிறகு அதே குளியலறையின் கழிப்பறையில் ஃப்ளஷ் செய்யுங்கள். மேல் மாடி இருந்தால் அங்கும் ஒருவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் டிராப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனியுங்கள்.

‘களக்’ என்று சத்தம் வந்து மட்டம் சட்டென்று இறங்கினால், கீழே பாய்ந்த தண்ணீர் காற்றை இழுத்திருக்கிறது. காற்று வேறு வழியில் கிடைக்காததால் உங்கள் டிராப்பின் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது. அப்படியானால் கோளாறு குளியலறையில் இல்லை, மொட்டை மாடியில். கழிவு இறங்கும் செங்குத்துக் குழாயின் மேல் முனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணீர் போகிறதே என்று யாராவது நல்லெண்ணத்தில் மூடி போட்டு ஒட்டியிருப்பார்கள், அல்லது பறவை கூடு கட்டியிருக்கும். மூடியை எடுத்துவிட்டு, ஓட்டையுள்ள காற்றுக்குழாய்த் தொப்பியை மாட்டினால் போதும்.

சத்தமில்லாமல் இரவோடு இரவாக மட்டம் குறைந்தால் டிராப்பின் உள் விளிம்பைப் பாருங்கள். ஒரு கொத்து முடி, ஒரு முனை தண்ணீரிலும் மறு முனை குழாய்ப் பக்கமுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல அது தண்ணீரை ஏற்றி அந்தப் பக்கம் சொட்டவிடும். முடியை எடுத்தால் தீர்ந்தது. முடி இல்லாமலே மட்டம் இறங்கினால் டிராப் விரிசல் விட்டிருக்கலாம். பெயர்ப்பது பற்றி யோசிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

மட்டம் அப்படியே நிற்கிறது, நாற்றமும் அடிக்கிறது என்றால் வாயு வேறு வழியில் வருகிறது. வாஷ்பேசினின் மடிப்புக் குழாயைச் சுவர் ஓட்டையில் சும்மா செருகி வைத்திருப்பார்கள், சுற்றிலும் இடைவெளி இருக்கும். அதற்கென்றே விற்கும் ரப்பர் வளையத்தைப் போட்டு அடைக்க வேண்டும். வாஷிங் மெஷின் குழாய் போகும் ஓட்டையிலும் இதே கதைதான். டிராப்புக்குள் கவிழ்த்து வைக்கும் கிண்ணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வகை டிராப்பில் கிண்ணம் இல்லாவிட்டால் கதவே இல்லை. தண்ணீர் வேகமாக வடியட்டும் என்று அதை எடுத்துப் போட்ட வீடுகள் ஏராளம்.

எல்லாம் சரியாக இருந்து, ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் வற்றுகிறதென்றால், கிளம்பும்போது டிராப்பை நிரப்பிவிட்டு மேலே இரண்டு மூன்று ஸ்பூன் லிக்விட் பாரஃபின் விடுங்கள். அது மிதந்து, ஆவியாவதைத் தடுக்கும்.

கேள்வி: சமையலறை சிங்க் மெதுவாக வடிந்துகொண்டிருந்தது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினேன், நுரைத்ததே தவிர வடியவில்லை. அடைப்பு நீக்கும் பொடியை இரண்டு தடவை போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. அடுத்து என்ன ஊற்றலாம்?

பதில்: எதையும் ஊற்றாதீர்கள். குறிப்பாக ஆசிட் பக்கம் போகவே போகாதீர்கள். இப்போது உங்கள் சிங்க்கில் நிற்பது வெறும் தண்ணீர் அல்ல, காஸ்டிக் சோடாக் கரைசல். அதன் தலையில் ஆசிட் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ப்ளீச்சிங் திரவமும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும்.

சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று அடித்து முடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீரும் கரியமில வாயுவும். அந்த வாயுவும் அடைப்பைத் தள்ளாது, திறந்திருக்கும் மேல் பக்கமாகவே நுரைத்துக் கிளம்பும். பொடிக்கு உண்மையிலேயே சக்தி உண்டு, எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றும். ஆனால் தண்ணீர் நகர்ந்தால்தான் அந்தச் சோப்பு போகும். நகராத குழாயில் பொடியும் பிசுக்கும் சேர்ந்து அடியில் கெட்டியாகிவிடும். கொதிநீர் வேறு: சாதாரண பி.வி.சி. குழாய் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், இணைப்புகள் நெகிழும். சிங்க்கில் ஊற்றக் கை பொறுக்கும் சூடு போதும்.

சரி, கையால் திறக்கலாம். ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நிற்கும் நீரைப் பிளாஸ்டிக் குவளையால் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு எடுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எடுத்ததை நிறையத் தண்ணீர் கலந்து, நன்றாக ஓடும் கழிப்பறையில் விடலாம்.

அடுத்து வாளியை டிராப்புக்கு அடியில் வைத்து, அதன் நட்டுகளைக் கையால் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் கூம்பு வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். திருப்பிப் போட்டால் கசியும், ஏன் கசிகிறதென்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். டிராப்பில் களிம்பு போல அடைத்திருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. டிராப் காலியாக இருந்தால் அடைப்பு சுவருக்குள் படுத்திருக்கும் குழாயில்.

அதற்குக் கையால் சுழற்றும் ஸ்பிரிங் கம்பி வேண்டும். 6 மி.மீ. தடிமனில் 3 முதல் 5 மீட்டர் நீளம் வீட்டுச் சிங்க்குக்குப் போதும். சுவர்க் குழாயில் செருகித் தள்ளுங்கள். ஓர் இடத்தில் நிற்கும். ‘டொக்’ என்று கல்லில் இடித்தது போல இருந்தால் அது எல்போ, அதாவது குழாய் திரும்பும் வளைவு. லேசாக அழுத்திக்கொண்டே சுழற்றினால் வளைந்து போய்விடும். மெத்தையில் குத்துவது போல இருந்தால் அதுதான் அடைப்பு. அங்கே எப்போதும் ஒரே திசையில் சுழற்றுங்கள், திசை மாற்றினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். குத்தி முன்னால் தள்ளுவதைவிடச் சுழற்றிப் பற்றி வெளியே இழுப்பதே நல்லது. தள்ளிய பிசுக்கு இரண்டு மீட்டர் தாண்டி மறுபடி படியும்.

மாட்டும்போது நட்டுகளைக் கையால் இறுக்கி, மேற்கொண்டு கால் சுற்று மட்டும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டு, சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் நனைந்து காட்டிக்கொடுக்கும். தேங்கிய தண்ணீர் மொத்தமாகப் பாயும்போது குழாயும் கழுவப்படும்.

ரப்பர் பிளஞ்சரை முன்பே பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பொடி போடும் முன்பு, ஆமாம். இப்போது அதைக் குத்தினால் காஸ்டிக் தெறிக்கும். சுத்தத் தண்ணீர் நிற்கும்போது ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும், சிங்க்கின் நிரம்பி வழியும் ஓட்டையையும் இரட்டைச் சிங்க் என்றால் மற்றதன் வாயையும் ஈரத்துணியால் அடைக்க வேண்டும். தள்ளுவதைவிட வெடுக்கென இழுப்பதில்தான் அடைப்பு அசையும்.

அடைப்பு அடிக்கடி வந்தால் குழாயின் சரிவைப் பாருங்கள். 40, 50 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. இறக்கம் வேண்டும். சிங்க்கின் கீழே மடிப்பு மடிப்பான குழாய் இருந்தால் கழற்றித் தூக்கி எறியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் பிசுக்குக்கு ஒரு தொட்டில்.

கேள்வி: சொட்டும் குழாய்க்குப் புது வாஷர் போட்டேன். இரண்டு வாரத்தில் மறுபடி சொட்டு. வாஷரின் தரம் மட்டமோ?

பதில்: வாஷரைத் திட்டாதீர்கள். அது உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பள்ளமோ கீறலோ தட்டுப்படும். தண்ணீர் அதன் வழியாகக் கத்தி போலப் பீறிட்டுப் புது வாஷரையும் அறுத்துவிடுகிறது. சீட் கட்டர் என்று ஒரு சிறு கருவி உண்டு. குழாயின் மரையில் பொருத்தி, லேசாக அழுத்தி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் விளிம்பு மட்டமாகிவிடும். அதற்கு மேல் சுற்றினால் விளிம்பே தேய்ந்து போகும். பித்தளைத் தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுப் பிறகு வாஷர் போடுங்கள். சொட்டை நிறுத்தக் குழாயை முறுக்கி முறுக்கி மூடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வாஷர் நசுங்குவதே அதனால்தான்.

கால் சுற்றில் திறந்து மூடும் குழாய் என்றால் வாஷரே கிடையாது. உள்ளே இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கும் கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டு போங்கள்: தலையிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் கைப்பிடி மாட்டாது.

நொடிக்கு ஒரு சொட்டு என்பதை அலட்சியப்படுத்த வேண்டாம். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர்.

கேள்வி: டெஃப்லான் டேப் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? எவ்வளவு சுற்றினாலும் கசிகிறது.

பதில்: அரை இஞ்ச் மரைக்கு 5 முதல் 8 சுற்று. மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் திசையில், இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் பொருளைத் திருகும்போதே டேப் உருண்டு வெளியே வந்துவிடும். எங்கே போடக்கூடாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை: ரப்பர் வாஷர் உள்ள கனெக்‌ஷன் பைப்பின் நட்டில் டேப் வேண்டாம். அங்கே அடைப்பது வாஷர், மரை அல்ல. டேப்பின் தடிமனால் நட்டு முழுதாக இறங்காமல் வாஷர் அழுந்தாது, அதனாலேயே கசியும்.

பிளாஸ்டிக் மரைக்குள் உலோகக் குழாயைத் திருகுவதானால் பித்தளை பொதிந்த ஃபிட்டிங் வாங்குங்கள். முழு பிளாஸ்டிக் என்றால் ரெஞ்ச் போட்டு இறுக்கிய அன்று ஒன்றும் தெரியாது, பிறகொரு நாள் நீளவாக்கில் பிளக்கும்.

கேள்வி: சி.பி.வி.சி. குழாயில் ஒட்டிய இடத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் வருகிறது. மேலேயே கொஞ்சம் பசை தடவலாமா?

பதில்: தடவலாம், பயன் இருக்காது. அது பசை அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும் திரவம். வெளியே பூசினால் தோல் போல ஒட்டி, பிறகு உரியும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, கப்ளர் (இரு குழாய் முனைகளை இணைக்கும் துண்டு) வைத்துப் புதிதாக ஒட்டுவதே வழி. நேராக வெட்டுங்கள், பிசிறைச் சீவுங்கள், ஈரம் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. வால்வை மூடியும் மெல்ல வந்துகொண்டிருக்கும் தண்ணீர்தான் பெரும்பாலும் இந்தக் கசிவுக்குக் காரணம். ஒட்டாமல் ஒருமுறை செருகிப் பார்த்து எவ்வளவு உள்ளே போகிறது என்று கோடு போடுங்கள். சி.பி.வி.சி.க்கு உரிய சிமென்ட்டைக் குழாயில் தாராளமாகவும் ஃபிட்டிங்கினுள் மெலிதாகவும் தடவி, கால் சுற்று திருப்பியபடியே கோடு வரை தள்ளி, 30 நொடி விடாமல் பிடியுங்கள். ஃபிட்டிங்கின் உட்புறம் லேசாகக் கூம்பாக இருப்பதால் கையை எடுத்ததும் குழாய் பின்னால் நழுவும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கடக்கும்வரை தண்ணீர் திறக்க வேண்டாம். அவசரம் இல்லையென்றால் ஒரு முழு நாள் விடுங்கள்.

கேள்வி: குளியலறைக்கு மறுபுறம் உள்ள படுக்கையறைச் சுவரில் ஓதம். பெயின்ட் உரிகிறது. குழாய்க் கசிவா, தரைக் கசிவா, எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சுவரை உடைக்காமலே கண்டுபிடிக்கலாம், ஒரு வாரமாவது பொறுமை வேண்டும். முதல் வேலை, ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி எழுதுவது. கண்ணால் பார்த்து ‘கூடியிருக்கிறது’, ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்வதை நம்ப முடியாது.

இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, ஃப்ளஷ் டேங்க்கின் ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குக் கோடு போடுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் வழியும் மூடியிருக்கட்டும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் நல்ல தண்ணீர்க் குழாயில் கசிவு. அழுத்தம் இரவு பகலாக இருப்பதால் அந்த ஓதம் யாரும் குளிக்காத நாளிலும் காயாது.

மட்டம் இறங்கவில்லை என்றால் அடுத்தது தரை. பிளாஸ்டிக் பைக்குள் துணியை உருட்டி டிராப்பின் வாயை இறுக அடைத்து, வாசல்படி தாண்டாத அளவில் 2 செ.மீ. தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் பரவினால் டைல் இடுக்கோ டிராப்பைச் சுற்றிய பூச்சோ விட்டிருக்கிறது. பரவவில்லை என்றால் அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் பாயவிடுங்கள். அதற்குப் பிறகு பரவினால் கழிவுக் குழாயின் இணைப்பு. ஈரம் சுவர் வழியே வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள்.

எதிலும் மாறவில்லை, ஓதம் தரையிலிருந்து மேலேறி வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது என்றால் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது நிலத்து ஈரம். காரணத்தைச் சரிசெய்த பிறகும் சுவர் காய வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு பெயின்ட் அடித்தால் மறுபடி உப்பி நிற்கும்.

கேள்வி: வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது கீழ்த்தளக் கழிப்பறையில் குமிழி வந்து தண்ணீர் மேலேறுகிறது. கழிப்பறையில் என்ன அடைத்திருக்கும்?

பதில்: கழிப்பறையில் ஒன்றும் இல்லை. இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் பிரதான குழாயில் அடைப்பு. போக வழியில்லாத தண்ணீர் எந்த வாய் தாழ்வோ அங்கே எட்டிப் பார்க்கிறது. முதலில் வீட்டில் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே கழிவுக் குழாயின் வழியில் உள்ள சேம்பர்களின் (சிறு தொட்டிகளின்) மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாமே காலி என்றால் வீட்டுக்கும் முதல் சேம்பருக்கும் இடையில். எல்லாமே நிரம்பியிருந்தால் செப்டிக் டேங்க்கையோ பொதுச் சாக்கடை இணைப்பையோ பார்க்க வேண்டும். அது உங்கள் கை வேலை அல்ல.

நெருப்புக் காட்டிப் பார்க்காதீர்கள், தலையை உள்ளே நீட்டாதீர்கள், யாரையும் இறங்கவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் முட்டை நாற்றமாகத் தெரியும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மேலே நின்றபடியே காலிச் சேம்பர் பக்கமிருந்து நீளக் கம்பியைச் செலுத்துங்கள். அடைப்பு உடையும்போது தண்ணீர் வேகமாக வரும், எதிரே நிற்காதீர்கள்.

கேள்வி: ஃப்ளஷ் டேங்க்கில் எப்போதும் ‘ஸ்ஸ்’ சத்தம்.

பதில்: டேங்க்கைத் திறந்து, நடுவே நிற்கும் வழிநீர்க் குழாயைப் பாருங்கள். தண்ணீர் அதன் வாயில் விழுந்துகொண்டிருந்தால் மிதவையை இறக்கி, மட்டம் அந்த வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி வையுங்கள். விழவில்லை என்றால் டேங்க்கில் கொஞ்சம் நீல இங்க் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானில் நீலம் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது. டேங்க்குக்குள் போடும் ப்ளீச் மாத்திரைகள் அந்த ரப்பரைத்தான் முதலில் தின்கின்றன.

கேள்வி: வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடாகும்போது மட்டும் தண்ணீர் சொட்டுகிறது. எண்டு கேப் போட்டு மூடிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விரியும். 25 லிட்டர் டேங்க்கில் அது 400 மில்லிக்குச் சற்றுக் குறைவு. உள்ளே வரும் குழாயில் திரும்ப விடாத வால்வு இருந்தால் அந்த விரிவு வெளியேற இது ஒன்றுதான் வழி. ஆகவே சூடாகும்போது சொட்டுவது அதன் கடமை. ஹீட்டரை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டினால்தான் கோளாறு: வால்வின் இருக்கையில் துரும்பு சிக்கியிருக்கும், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகம். ஆறிய நிலையில் வால்வின் நெம்புகோலைச் சில நொடி தூக்கிவிட்டால் பல நேரம் துரும்பு கழுவிப் போய்விடும். போகவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள். அதன் வாயிலிருந்து ஒரு குழாயைக் கீழ்நோக்கித் தரை டிராப் வரை இழுத்து, முனையைத் திறந்தே விடுங்கள்.